கயிற்றின் மறுமுனையில் யார்?

தூக்கிலிடுபவரின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் அவருடைய கண்ணீரை நமக்குக் காட்டுகின்றன. கையெழுத்துப் போட்டவர்களை ஏன் காட்டுவதில்லை?

விடிவதற்குச் சற்று முந்திய நேரம். இரவெல்லாம் நடந்த 'சாவித்திரி' நாடகம் முடிந்து, பூசிய சாயத்தைக் கழுவ நீர்த்துறையை நோக்கி நடந்து வருகிறான் எமன். கறுத்த முகம், முறுக்கிய மீசை, இடுப்பில் இன்னும் அவிழ்க்காத கச்சை. எதிரே ஒரு பெண் வருகிறாள். அரையிருட்டில் அந்த உருவத்தைக் கண்ட அதிர்ச்சியில் அவள் வயிற்றுக் கரு கலைந்துவிட்டது என்கிறது ஒரு கதை. வெளுப்பதற்குத் துணிமூட்டையோடு வந்த அவள் அந்த இடத்திலேயே உயிரை விட்டாள், வேடமும் எமன் இல்லை, சனீஸ்வரன் என்கிறது இன்னொரு கதை. அந்த நடிகர் அதன்பின் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்பதில் மட்டும் எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். நடிப்பை விட்டு ஆசிரியரானார், நாடகங்களை எழுதிக் குவித்தார், 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். மயானத்துக்கும் சித்தானந்த சுவாமி கோயிலுக்கும் பாரதியின் குயில் தோப்புக்கும் பேர்போன கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்களுக்கு அது இன்றைக்கும் குருவின் இடம்.

அந்தக் கதை உண்மையில் எப்படி நடந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் ஒரு மனிதர், தான் எண்ணிச் செய்யாத ஒரு சாவுக்குத் தன்னைப் பொறுப்பாக்கிக்கொள்கிறார். அவர் போட்டது வெறும் வேடம், கையில் இருந்தது நாடகக் கயிறு. நிஜக் கயிற்றோடு, அரசாங்கச் சம்பளத்தில், குறித்த நாளில் குறித்த மணிக்கு அதே வேலையைச் செய்தவரைப் பற்றி நம் சினிமா என்ன சொல்லியிருக்கிறது? விளையாட்டு வீரர், விஞ்ஞானி, நடிகை, கேங்ஸ்டர் என்று எல்லோருடைய வாழ்க்கையையும் படமாக்கித் தள்ளும் காலம் இது. தூக்கிலிடுபவரின் வாழ்க்கையும் உலகெங்கும் படமாகியிருக்கிறது. நல்ல படங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறைச் செய்கின்றன. லிவரை இழுக்கும் கையின் நடுக்கத்தை அண்மைக்காட்சியில் காட்டிக் காட்டி, அந்தக் கைக்கு மேலே இருக்கிற பத்துப் பதினைந்து கைகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. தூக்கிலிடுபவர் மீது இரக்கம் வரவைப்பது எளிது. அந்த இரக்கமே மற்ற எல்லோரையும் விடுதலை செய்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

தாமதமாக வரும் மன்னிப்பு

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்ட படம் நமக்கு மிக அருகிலேயே எடுக்கப்பட்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நிழல்குத்து' 2002-இல் வந்தது. இசை இளையராஜா. கதை நடப்பது 1940-களின் திருவிதாங்கூரில். நாயகன் காளியப்பன் அரசாங்கத் தூக்கிலிடுபவர், அந்த ஊர் வழக்கில் ஆராச்சார். ஒடுவில் உண்ணிகிருஷ்ணன் நடித்த அந்தக் காளியப்பனுக்கு மன்னர் கொடுத்த வீடும் சலுகையும் உண்டு. தூக்கு முடிந்த கயிறு அவன் வீட்டுக் காளி சன்னிதியில் தொங்குகிறது. அதன் துண்டை எரித்த சாம்பல் நோய் தீர்க்கும் என்று ஊர் நம்புகிறது. சாவைத் தந்த கயிறே மருந்தாகிறது. ஊரார் அவனைக் கண்டு ஒதுங்குவதும் அவனிடமே திருநீறு கேட்டு வருவதும் ஒரே தெருவில் நடக்கின்றன.

படம் காட்டும் ஏற்பாடுகளில் மிகக் கூர்மையானது வேறொன்று. தூக்கு நாளன்று மன்னர் கருணை காட்டி மன்னிப்பு ஆணை அனுப்புகிறார். ஆணை கொண்டுவருபவர் தூக்கு முடிந்த பிறகே சிறை வாசலை வந்தடைகிறார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மன்னர் மன்னித்துவிட்டார், ஆகவே அவருக்குப் பாவமில்லை. ஆணை வருமுன் கயிற்றை இழுத்தவன் ஆராச்சார், ஆகவே பாவம் அவனுக்கு. ஓர் அரசு தன் மனசாட்சியை எவ்வளவு நேர்த்தியாக நிர்வகிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த அரசியல் பாடநூலிலும் கிடைக்காது. காளியப்பன் குடிக்கிறான், புலம்புகிறான், அடுத்துத் தூக்கில் ஏறப்போகிறவன் நிரபராதி என்று தெரியும்போது சரிந்து விழுகிறான். தந்தை விழுந்ததும் காந்தியக் கொள்கைக்காரனான மகன் அந்த வேலையைச் செய்யவேண்டி வருகிறது. அடூர் இந்தத் துயரங்களை நிதானமாகச் சொல்கிறார். ஆனால் தாமதமாக வரும் அந்த ஆணையை அவர் நம்மை மறக்கவிடுவதில்லை. காளியப்பனின் குடிக்குக் காரணம் அவன் மனசு மட்டுமில்லை, அரண்மனையின் ஏற்பாடும்தான் என்று படம் தெளிவாகக் கணக்குக் காட்டுகிறது.

இந்தக் கதைக்குப் பக்கத்திலேயே நிஜமான ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. இன்றைய தமிழ்நாட்டின் நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த ஜனார்த்தனன் பிள்ளை திருவிதாங்கூரின் கடைசி ஆராச்சார். முப்பது ஆண்டுகளில் 117 பேரைத் தூக்கிலிட்டவர். அவருடைய வாழ்க்கையை வைத்துச் சசி வாரியர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2000-இல் வந்தது. 'தூக்கிலிடுபவரின் குறிப்புகள்' என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழில் தந்திருக்கிறார். நூலில் உறைப்பது ரத்தமும் பேய்க்கனவும் இல்லை. தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் அந்த முதியவர் எங்கே தொடங்குவது என்று தடுமாறுகிறார். 117 முறை செய்த ஒரு வேலையைச் சொல்ல அவருக்குச் சொற்கள் தரப்படவே இல்லை. தீர்ப்பு எழுதியவர்களிடம் அந்தத் திண்டாட்டம் இருந்திருக்காது. அவர்களுக்குச் சட்டத்தின் மொழி தயாராக இருந்தது.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

இந்த நூற்றாண்டில் இந்தியா தூக்கிலிட்டவர்கள் 8 பேர். 2004-இல் கொல்கத்தாவில் ஒருவர், 2012-இல் புனே எரவாடாவில் ஒருவர், 2013-இல் திகாரில் ஒருவர், 2015-இல் நாக்பூரில் ஒருவர், 2020 மார்ச் 20 அன்று திகாரில் நால்வர்.
தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் மத்தியச் சிறையில். தூக்கிலேறியவர் ஆட்டோ சங்கர்.
2023 இறுதியில் இந்தியச் சிறைகளில் மரண தண்டனைக் கைதிகள் 561 பேர்.
டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்.

பாவத்தைப் பங்குபோடும் ஏற்பாடு

சாவித்திரி கதையில் எமன் சத்தியவானின் உயிரை எடுக்கத் தூதர்களை அனுப்பவில்லை. தானே வருகிறான். பின்னாலேயே நடந்து வரும் பெண்ணுக்கு நின்று பதில் சொல்கிறான், வரம் கொடுக்கிறான், வாதத்தில் தோற்று உயிரையும் திருப்பித் தருகிறான். தீர்ப்பும் கயிறும் ஒரே கையில் இருப்பதால் அவனிடம் வாதாட முடிகிறது. நவீன அரசில் சாவித்திரி யாரிடம் போய் நிற்பாள்? செஷன்ஸ் நீதிபதி தண்டனை எழுதிப் பேனா முனையை உடைத்துவிட்டுப் போகிறார், மேலே உயர்நீதிமன்றம் உறுதி செய்தால்தானே என்பார். உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் இருக்கிறது என்று சொல்லும். உச்சநீதிமன்றம், கருணை மனு வழி திறந்திருக்கிறது என்று சொல்லும். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். உள்துறை அமைச்சகம் கோப்பில் குறிப்பு எழுதும், குறிப்பு எழுதியவர் மாறுதலாகிப் போயிருப்பார். சிறைக் கண்காணிப்பாளர் கையில் வாரண்டு இருக்கிறது, மீறினால் வேலை போகும். மருத்துவர் உயிர் போய்விட்டதா என்று மட்டும்தான் பார்க்கிறார். கடைசியில் மிச்சம் இருப்பது லிவரின் மேல் இருக்கும் ஒரு கை. திருவிதாங்கூரின் தாமத ஆணை ஒழிந்துவிடவில்லை. அது பல அலுவலகங்களாகப் பிரிந்து விரிந்திருக்கிறது, அவ்வளவே.

இந்த ஏற்பாட்டைச் சிரிப்பாகவே காட்டிய மேதை ஸ்பெயினின் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட காலத்தில், 1963-இல், அவர் எடுத்த 'எல் வெர்டுகோ' படத்தில் சவ அடக்க நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் அப்பாவி, மரண தண்டனை நிறைவேற்றுபவரின் மகளைக் கட்டிக்கொள்கிறான். மாமனார் ஓய்வு பெற்றால் அரசு வீடு போய்விடும். வீட்டைக் காப்பாற்ற மருமகன் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறான், வேலையே வராது என்ற நம்பிக்கையில். வேலை வருகிறது. வெள்ளையடித்த ஒரு பெரிய கூடம். முன்னால் தண்டனைக் கைதி தன் காலால் நடந்து போகிறான். பின்னால் தண்டனையை நிறைவேற்ற வேண்டியவனைக் காவலர்கள் கைத்தாங்கலாக இழுத்துப் போகிறார்கள். இந்த ஒரு ஷாட்டில் இருக்கும் அரசியல், கண்ணீர் மல்க எடுக்கப்பட்ட நூறு காட்சிகளில் கிடைக்காது. அவன் கெட்டவனுமில்லை, மனசாட்சியோடு போராடும் மாவீரனுமில்லை. அவனுக்கு ஒரு பிளாட் தேவைப்பட்டது.

பிரெஞ்சுக் காலனிகளுக்கும் இப்படியொரு கதை உண்டு. கனடாவுக்கு அருகே செயின்ட் பியர் என்ற பிரெஞ்சுத் தீவு. அங்கே 1889-இல் ஒரு கொலையாளிக்குத் தண்டனை நிறைவேற்ற வேண்டியிருந்தது. தீவில் கில்லட்டினும் இல்லை, அதை இயக்கத் தெரிந்தவரும் இல்லை. பிரெஞ்சுச் சட்டமோ தலை துண்டிக்கப்பட வேண்டும் என்று அடம் பிடித்தது. அந்தச் சம்பவத்தைத் தழுவி, காலத்தைச் சற்று முன்னே தள்ளி, 2000-இல் பத்ரீஸ் லெகோந்த் எடுத்த படத்தில் கருவி மார்ட்டினிக் தீவிலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது. அதற்குள் கைதி ஊருக்கு வேண்டியவனாகிவிடுகிறான். தண்டனை நிறைவேற்ற உள்ளூரில் ஒருவரும் முன்வருவதில்லை, பிழைக்க வழியில்லாமல் வந்திறங்கிய ஓர் அந்நியனைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் ஒன்றரை நூற்றாண்டு இருந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் படம் தூரத்துக் கதையாக இருக்க வேண்டியதில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே ஊர், இரண்டு சட்டங்கள்

1810-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மரண தண்டனை பெற்றவரின் தலை துண்டிக்கப்பட வேண்டும் என்றது. 1819-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரிக்கும் வந்தன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நடந்தது. 1963-இல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது கில்லட்டினின் இடத்தைக் கயிறு பிடித்தது. பிரான்ஸ் 1981 அக்டோபரில் மரண தண்டனையை ஒழித்தது. ஆகவே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமும் இந்தியக் குடியுரிமை உள்ள குடும்பமும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் புதுச்சேரித் தெருக்களில், ஒரு வீட்டாரின் நாடு மரண தண்டனையைக் கைவிட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அடுத்த வீட்டாரின் நாடு இன்னும் வைத்திருக்கிறது.

குற்றவுணர்ச்சியே இல்லாதவர்கள்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தூக்கிலிடுபவர்கள் எல்லோரும் காளியப்பனைப் போலத் துடித்தார்களா? இல்லை. பலர் பெருமையாகவே இருந்தார்கள். இங்கிலாந்தின் ஆல்பர்ட் பியர்பாயிண்டுக்கு அது குடும்பத் தொழில், அப்பாவும் பெரியப்பாவும் அதே வேலை பார்த்தவர்கள். நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிலிட்ட அவர், கைதியை அறையிலிருந்து மேடைக்குக் கொண்டுபோய் முடிக்கும் வேகத்தில் கர்வம் கொண்டிருந்தார். 1956-இல் அவர் விலகியது மனசாட்சியால் இல்லை, கூலித் தகராறால். 2005-இல் டிமோதி ஸ்பால் நடிப்பில் வந்த 'பியர்பாயிண்ட்' படம் இதை மென்மையாக்கிவிட்டு, அவருடைய மதுக்கடைக்கு வாடிக்கையாக வந்து உடன் பாடிய ஒருவரையே 1950-இல் அவர் தூக்கிலிட நேர்ந்த சம்பவத்தை மையமாக்குகிறது. நடந்த சம்பவம்தான். ஆனால் அதை உச்சமாக வைத்ததும் மீதி வாழ்க்கை முழுதும் அந்தக் கண்ணீரை நோக்கி நகர்ந்ததாகிவிடுகிறது. அமெரிக்காவில் அந்தப் படத்துக்குக் கடைசித் தூக்கிலிடுபவர் என்று ஒரு வால் சேர்த்தார்கள். அவருக்குப் பின்னும் எட்டு ஆண்டுகள், 1964 ஆகஸ்ட் வரை, பிரிட்டனில் தூக்கு நடந்தது. வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் உண்மைப் பற்று சில சமயம் போஸ்டரிலேயே முடிந்துவிடும்.

கொல்கத்தாவின் நாட்டா மல்லிக் இன்னும் சங்கடமான ஆள். 2004 ஆகஸ்ட் 14 அன்று தனஞ்ஜய் சாட்டர்ஜியைத் தூக்கிலிட்ட அவர், தொலைக்காட்சிகளிடம் பேரம் பேசினார், கேமரா முன் கயிறு முடிந்து காட்டினார், பேரனுக்கு அரசு வேலை கேட்டார். தூக்குக் கயிற்றின் துண்டுகள் தாயத்தாக விலைபோயின. ஜோஷி ஜோசப் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் கொல்கத்தாவின் நந்தன் அரங்கில் திரையிடப்படுவது நிறுத்தப்பட்டது. கே. ஆர். மீராவின் மலையாள நாவல் 'ஆராச்சார்' அதே நகரத்தில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண்ணைக் கதைநாயகியாக்கி, 2015-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. மீரட்டின் பவன், 2020-இல் திகாரில் நால்வரைத் தூக்கிலிட்டவர், முன்னும் பின்னும் பேட்டி கொடுத்தார். அவர்களில் யாரிடமும் நாம் எதிர்பார்க்கும் குற்றவுணர்ச்சி தளும்பவில்லை.

இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. தூக்கிலிடுபவர் அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நாம். நம் பெயரால் நடக்கும் ஒரு செயலுக்கு யாராவது ஒருவர் அழுதாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த அழுகையையும் மிகக் குறைந்த கூலி வாங்குபவரிடமே ஒப்படைக்கிறோம். நாட்டா மல்லிக் பேரம் பேசியபோது நாடு முகம் சுளித்தது. அவர் கூலிக்காரர், கூலி கேட்டார். அதே வழக்கில் சாட்சியங்களை மறுபடி அலசிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழக ஆய்வாளர்கள், தீர்ப்பின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கிப் பின்னாளில் நூல் எழுதினார்கள். அதற்கு யார் முகம் சுளித்தார்கள்? ராஜஸ்தானில் 1996-இல் ராவ்ஜி என்பவரும் 1997-இல் சுர்ஜா ராம் என்பவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 2009-இல் உச்சநீதிமன்றமே ராவ்ஜி வழக்கின் தீர்ப்பு, பச்சன் சிங் வழக்கில் 1980-இல் வகுத்த நெறிக்கு மாறானது என்று ஒப்புக்கொண்டது. குற்றத்தை மட்டும் பார்த்தார்கள், குற்றவாளியின் நிலையைப் பார்க்கவில்லை. 2012-இல் 14 முன்னாள் நீதிபதிகள் இதைச் சுட்டிக்காட்டி, இதே பிழையால் தண்டனை பெற்ற மற்றவர்களையாவது காப்பாற்றுங்கள் என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். ராவ்ஜியைத் தூக்கிலிட்டவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்குமா? போய்ச் சேர்ந்தாலும் அதில் அவர் செய்த பிழை என்ன? ஒரு திரைக்கதாசிரியருக்கு இதைவிடக் கனமான இடைவேளை கிடைக்காது. ஆனால் அந்தக் காட்சி தூக்குமேடையில் நடக்காது, ஒரு நூலகத்தில், தடித்த தீர்ப்புத் தொகுப்பு ஒன்றின் பக்கத்தில் நடக்கும்.

பாதிக்கப்பட்டவருக்குப் படம் யார் எடுப்பது?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது, அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. கொலையானவரைப் பற்றி ஒரு படமும் வரவில்லை, கொன்றவனைப் பற்றி வெப் சீரிஸ் வருகிறது, கொன்றவனைக் கொன்றவனுக்கு வாழ்க்கை வரலாறா என்று கேட்பவர்களின் கோபத்தில் பொய் இல்லை. கருவடிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே முத்தியால்பேட்டையில் 2024 மார்ச்சில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். புதுச்சேரி கொந்தளித்தது. சாலை மறியல், கடையடைப்பு, மெழுகுவத்தி ஊர்வலம். தூக்கில் போடு என்ற குரல் கட்சி வேறுபாடு இல்லாமல் கேட்டது. அந்தக் குரலை எழுப்பிய தாய்மார்களிடம் போய்ப் பிரெஞ்சு நாட்டின் 1981 சட்டத்தை விளக்கிக்கொண்டிருப்பது அநாகரிகம்.

ஆனால் அந்தக் கோரிக்கையின் இலக்கணத்தைக் கவனிக்கலாம். தூக்கில் போடு என்ற கட்டளையில் எழுவாய் இல்லை. யார் போட வேண்டும்? கூட்டத்திலிருந்த யாரும் தன் மகன் அந்த வேலைக்குப் போவதை விரும்பியிருக்க மாட்டார். நான் செய்கிறேன் என்று ஆவேசத்தில் சொல்பவர்கள் உண்டு; இலங்கை அரசு அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பார்த்த அனுபவம் வேறு மாதிரி இருந்தது. 1976-க்குப் பிறகு தூக்கே நடக்காத அந்த நாட்டில், 2014-இல் நியமனமான ஒருவர் தூக்குமேடையை முதன்முதலாகப் பார்த்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். 2019-இல் அதிபர் சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடப்போவதாக அறிவித்ததும் இரண்டு பணியிடங்களுக்கு நாளிதழில் விளம்பரம் வந்தது. ஒழுக்கமும் மன உறுதியும் தகுதிகள். நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. நல்லொழுக்கச் சான்றிதழோடு ஓர் அரசு அலுவலக வரிசையில் நிற்கும் அந்த விண்ணப்பதாரர்களைப் பற்றிப் படம் வந்தால், அது கொலையுண்டவர்களை அவமதிப்பதாகாது. நாம் எதைக் கேட்கிறோம் என்பதை நமக்கே காட்டும். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு உரிய படத்தை எடுக்காமல் விட்டது தமிழ் சினிமாவின் தனிக் குற்றம். அதற்கான தண்டனையை இந்தப் படத்தின் மேல் சுமத்துவது சரியில்லை.

தமிழர்களுக்கு இது இன்னொரு கரையிலிருந்தும் வருகிறது. சிங்கப்பூரில் 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கமும், 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையாவும் போதைப்பொருள் வழக்குகளில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நகரத்து இயக்குநர் பூ ஜுன்ஃபெங் 2016-இல் எடுத்த 'அப்ரெண்டிஸ்' படத்தில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் மகனே சிறைக்காவலராகிறான். தலைமைத் தூக்கிலிடுபவருக்கு உதவியாளனாகவும் ஆகிறான். முதியவர் இளையவனுக்குக் கயிற்றின் நீளத்தைக் கைதியின் எடைக்கேற்பக் கணக்கிடச் சொல்லித்தரும் காட்சிகளில் உரத்த வசனம் ஒன்றுமில்லை. ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தின் பொறுமைதான் அங்கே இருக்கிறது. திகில் அந்தப் பொறுமையில்தான்.

முகத்தை அழிக்கும் அரசு

தமிழில் தூக்குமேடை புதிதில்லை. 1959-இல் சிவாஜியின் கட்டபொம்மன் கயத்தாற்றில் கயிற்றைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டபோது கொட்டகைகள் அழுதன. அந்தக் காட்சியில் கயிற்றைக் கட்டியவருக்கு முகமில்லை, இருக்கவும் தேவையில்லை; எதிரி வெள்ளைக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். 2004-இல் கமல்ஹாசனின் 'விருமாண்டி' மரண தண்டனைக்கு எதிராகவே வாதாடியது, ஆனால் தூக்கு ஏறப்போகிறவனின் பக்கமிருந்து. லிவரின் பக்கம் கேமராவைத் திருப்பிய தமிழ்ப் படம் எஸ். பி. ஜனநாதனின் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை'. 2015-இல் வந்த அதில் தூக்கிலிடுபவர் எமலிங்கமாக விஜய் சேதுபதி, கைதி பாலுவாக ஆர்யா, தூக்கை நிறைவேற்றத் துடிக்கும் அதிகாரியாக ஷாம். எமலிங்கம் குடிப்பதும் பழைய நினைவில் நடுங்குவதும் நாம் எதிர்பார்ப்பதே. ஜனநாதனின் கெட்டிக்காரத்தனம் அதிகாரிக்கு வைத்த பெயரில் இருக்கிறது: மெக்காலே. இந்திய தண்டனைச் சட்டத்தை வரைந்தவரின் பெயர். சட்டத்துக்கு ஒரு முகமும் சீருடையும் கொடுத்து, அதை எமலிங்கத்தின் எதிரே நிறுத்தினார். பாட்டும் சண்டையும் கலந்த வணிகப் படத்துக்குள் இதைச் செய்ததற்காகவே, 2021-இல் மறைந்த அந்த இயக்குநருக்கு ஒரு தனிப் பாராட்டு உரியது.

ஆனால் எமலிங்கம்கூட இனி பழங்கதை ஆகலாம். 2012 முதல் 2015 வரை எரவாடாவிலும் திகாரிலும் நாக்பூரிலும் நடந்த மூன்று தூக்குகளில் தொழில்முறைத் தூக்கிலிடுபவர் இல்லை. சிறைப் பணியாளர்களே செய்தார்கள், பெயர் வெளியிடப்படவில்லை. பாதுகாப்புக் காரணம் புரியக்கூடியதே. விளைவு வேறு. முன்பு பாவம் ஓர் ஆராச்சாரின் தலையில் விழுந்தது. இந்த முறையில் அது ஒருவர் தலையிலும் விழுவதில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டு, பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரும் வேலூரில் காத்திருந்தபோது மாநிலமே வீதிக்கு வந்தது. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். ஆகஸ்ட் 30 அன்று உயர்நீதிமன்றம் தடை விதித்தது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2014-இல் தண்டனை குறைக்கப்பட்டது, பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார். அந்தக் கோப்பைச் சுமந்த கைகள் எத்தனை, எந்த மேஜையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதெல்லாம் நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. கருணை மனு பதினொரு ஆண்டு உறங்கியதுதான் தண்டனைக் குறைப்புக்கே காரணமானது. கோப்புகளுக்கும் கதை உண்டு என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

சினிமாவுக்கு முகம் வேண்டும், கோப்பை வைத்து யார் டிக்கெட் விற்பது என்று தயாரிப்பாளர் கேட்பார். நியாயம்தான். ஆனால் இப்படியொரு படம் எடுக்கச் சட்டம் தடையாக இருக்கும் என்று மட்டும் அவர் சாக்குச் சொல்ல முடியாது. அந்தத் தடையை உடைத்ததே ஒரு தமிழ் வழக்கு. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது சிறைத்துறை மிரட்டியது. 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், ஆனால் பொது ஆவணங்களில் இருப்பதை எழுதத் தடையில்லை. அரசுப் பணியாளர் தன் பணியில் செய்த செயலுக்கு அந்தரங்க உரிமை கோர முடியாது. வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. இந்தியாவில் வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் மீதான வழக்குகளில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது அந்தத் தீர்ப்புதான். அதை வாங்கிக்கொடுத்த கைதி ஆறு மாதத்தில் சேலத்தில் தூக்கிலேறினார். அவருடைய கதை 2019-இல் வெப் சீரிஸாகவும் வந்தது. அன்றைக்குச் சேலத்தில் லிவரை இழுத்தவரின் கதையை எழுதவும் அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது, அவர் குடும்பத்தை வெளிச்சத்துக்கு இழுக்காமல், அவர் பணியை மட்டும்.

ஜனார்த்தனன் பிள்ளையின் வாழ்க்கையைத் தமிழில் எடுக்க ஒருவர் முன்வந்தால், நாகர்கோவில் மண்ணும் மொழியும் கையருகே இருக்கின்றன, நூலும் தமிழில் இருக்கிறது. நடிக்கப் போட்டி இருக்கும். விருதுக்குத் தோதான பாத்திரம். அந்த நடிகருக்குக் குடிக்கும் காட்சியும் கயிற்றைத் தடவும் காட்சியும் கிடைத்தே தீரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் படம் அவர் வீட்டில் தொடங்கக் கூடாது. அரண்மனைக் கச்சேரியில் தொடங்கட்டும். 'நிழல்குத்து' காட்டிய அந்த வழக்கம் நடைபெற வேண்டுமானால், மன்னிப்பு ஆணை சரியான நேரத்துக்குத் தவறிப்போக வேண்டும். தூதர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், வழியில் எங்கே இளைப்பாற வேண்டும், எத்தனை நாழிகை பிந்த வேண்டும் என்று யாரோ ஓர் எழுத்தர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு, மை ஒற்றி, முத்திரையிட்டு. அந்த எழுத்தர் வேடத்துக்குத்தான் மிக நல்ல நடிகராகத் தேட வேண்டும்.